1957 வெள்ளி ஐந்து ரூபாய்: 'புரூஃப்' என்கிறார்கள், படத்தை மட்டும் பார்த்து எப்படி நம்புவது?

உப்புவெளியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். நான் நாணயம் சேர்ப்பவன் அல்ல. ஒரே ஒரு காசுக்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அப்பா பிறந்தது 1957இல். பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதும் அதே ஆண்டில்தான். அப்பப்பா அப்போது கடற்படைத் துறைமுகப் பண்டசாலையில் எழுதுவினைஞர். பௌத்தத்தின் 2500ஆவது ஆண்டு நினைவாக அப்போது வெளியான வெள்ளி ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை, "மகன் பிறந்த ஆண்டுக் காசு" என்று சொல்லிச் சாமி அறையில் ஒரு குங்குமச் சிமிழுக்குள் வைத்திருந்தாராம். 1990இல் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிய நாளோடு சிமிழும் காசும் போயின. அந்தக் காசில் விலங்குகளும் பறவைகளும் வட்டமாக வரிசை கட்டிப் போகும் என்று அப்பா இன்றும் விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார்.

அடுத்த ஆண்டு அவருக்கு எழுபது வயது. இணைய ஏலத்தில் இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவர் அதே காசைப் 'புரூஃப், மிக நல்ல நிலை' என்று போட்டிருக்கிறார். கேட்கும் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. நான்கு படங்கள் உள்ளன. இரண்டில் காசின் தளம் (உருவமும் எழுத்தும் இல்லாத சமமான பகுதி) கறுப்பாகவும் உருவங்கள் வெள்ளையாகவும் தெரிகின்றன, ஸ்கேன் செய்ததுபோல். மூன்றாவதில் ஓரத்தில் நீலமும் ஊதாவும் படிந்திருக்கின்றன. நான்காவதைப் பெரிதாக்கினால் எழுத்துகளுக்கு இடையில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அந்த நிறம் பழுதா? அந்தக் கோடுகள் கீறல்களா? ஏலம் முடிய இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிக்கூட்டுக்கடை மகள் எழுதியது:

தம்பி, இன்னும் பணம் கட்டவில்லை அல்லவா? நல்லது. நானும் திருகோணமலைதான், ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறேன். இந்தக் காசுகளோடு முப்பது வருடப் பழக்கம் எனக்கு உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

'புரூஃப்' என்பது ஒரு காசின் நிலையைச் சொல்லும் சொல் அல்ல, அது செய்யப்பட்ட விதத்தைச் சொல்லும் சொல். மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வில்லை (காசாக அடிபடப்போகும் வெற்று உலோகத் தட்டு), ஒரு முறைக்கு மேல் அடித்த அடி: இப்படிப் பிறந்த காசு பிறகு சட்டைப்பையில் கிடந்து தேய்ந்தாலும் புரூஃப்தான், ஆனால் பழுதான புரூஃப். அதேபோலச் சாதாரணக் காசு ஒன்றை எழுபது வருடம் பட்டுத்துணியில் சுற்றி வைத்தாலும் அது புரூஃப் ஆகிவிடாது. நீங்கள் பார்க்கும் 1957 ஐந்து ரூபாயில் சாதாரண வெளியீடு 5 இலட்சம், புரூஃப் 1,800 மட்டும். பளபளப்பு மாறாத சாதாரணக் காசைப் புரூஃப் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்ல நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை, பலருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆகவே உங்கள் முதல் கேள்வி "கீறல் இருக்கிறதா" என்பதாக இருக்கக் கூடாது. "இது புரூஃப்தானா" என்பதாக இருக்க வேண்டும். புதிதுபோல் இருக்கும் சாதாரண வெள்ளிக் காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், நடுவிலிருந்து ஓரத்துக்கு வண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால்போல் ஒளிக்கீற்றுகள் ஓடிச் சுழலும். அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கமாக வழிந்த தடம் அது. புரூஃப் காசின் தளம் அப்படிச் சுழலாது. அது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு பத்திரிகைத் துண்டைக் காசுக்கு மேலே சற்றுச் சாய்வாகப் பிடித்தால், தலைப்பு எழுத்துகளைத் தளத்திலேயே இடவலமாக மாற்றி வாசிக்கலாம். காசின் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் சதுரமாக எழுந்து நிற்கும், எழுத்துகளின் ஓரங்களும் அப்படியே. இதற்கு ஒரு படம் போதும். அச்சடித்த தாள் ஒன்றின் பிரதிபலிப்பு தளத்தில் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனிக் கீறலுக்கு வருகிறேன். என் அப்பா பிரதான வீதியில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தார். 1971 சிலோன் புரூஃப் தொகுதி ஒன்று அவரிடம் இருந்தது: ஒரு சதம் முதல் ஒரு ரூபாய் வரை ஏழு காசுகள். அடுத்த ஆண்டு நாட்டின் பெயரே மாறியதால் சிலோன் என்ற பெயரில் வந்த கடைசித் தொகுதி அது. எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது சட்டத்தைத் திறந்து, நான்கு மூலையும் வளைந்த அந்த ஐந்து சதத்தை வெளியே எடுத்தேன். என் மூச்சு பட்டு அதில் ஆவி படிந்தது. பயந்துபோய்ப் பள்ளிக்கூடக் கைக்குட்டையால் ஒரே ஒரு தடவை, மெதுவாகத்தான், துடைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் முன்னைவிட அழகாகத் தெரிந்தது. அப்பா அன்றிரவு மேசை விளக்கை மட்டும் எரியவிட்டு, மணிக்கூடு பார்க்கும் கண்ணாடியை என் கண்ணில் பொருத்தி, காசை விளிம்பில் பிடித்துச் சாய்த்தார். ஒரு சாய்வில் ஒன்றும் இல்லை. இன்னொரு சாய்விலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் தளம் முழுவதும் சிலந்தி நூல் மின்னுவதுபோல் கோடுகள் எழுந்தன, எல்லாம் என் கை போன திசையிலேயே. கைக்குட்டையில் இருந்த தூசு, இந்த ஊரில் தூசு என்றால் பாதி கடல் மணல்தானே, அந்தக் கண்ணாடியை உழுதுவிட்டிருந்தது. அவர் ஏசவில்லை. காசைத் திரும்ப வைத்துச் சட்டத்தை மூடினார். அந்தத் தொகுதி இன்றும் என்னிடம் இருக்கிறது, அந்த ஐந்து சதத்தோடு.

இதைச் சொல்வதற்குக் காரணம், மயிரிழைக் கீறல் மூன்றில் ஒரு சாய்வில்தான் தன்னைக் காட்டும். ஒளி கீறலுக்குக் குறுக்கே விழ வேண்டும். நேராக மேலிருந்து எடுத்த படத்திலும், வெள்ளைத் துணி மறைத்த மெல்லிய வெளிச்சத்தில் எடுத்த படத்திலும் அது வராது. ஸ்கேன் செய்த படம் இன்னும் மோசம். கண்ணாடித் தளம் ஸ்கேனரின் ஒளியை வேறு பக்கம் திருப்பி விடுவதால் தளம் வெறும் கறுப்பாக விழும், அந்தக் கறுப்புக்குள் எதுவும் ஒளிந்திருக்கலாம். நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். 1951 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' விழாவுக்கு வந்த பிரித்தானியக் கிரவுன் (ஐந்து சில்லிங்) காசு ஒன்றை, அழகான கறுப்பு வெள்ளை ஸ்கேன் படத்தைப் பார்த்து வாங்கினேன். பெட்டியோடு வந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் திருப்பிப் பார்த்தால் மன்னர் முகத்துக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்குத் தேய்த்த தடம். யாரோ ஒருவர் ஒரு சின்னப் புள்ளியை அழிக்கப் பார்த்திருக்கிறார். விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்.

எனவே விற்பனையாளரிடம் ஒரு காணொளி கேளுங்கள். அறை விளக்குகளை அணைத்து, ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ், காசை விளிம்பில் பிடித்து மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சாய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வேண்டும், அரை நிமிடம் போதும். காசு உறைக்குள் இருந்தால் பரவாயில்லை. சாய்க்கும்போது உருவத்தை விட்டு விலகி நகரும் கோடு பிளாஸ்டிக்கின் மேல் உள்ளது, காசோடு ஒட்டியே நிற்கும் கோடு காசில் உள்ளது.

நான்காவது படத்தில் நீங்கள் கண்ட கோடுகளைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அச்சை மெருகேற்றும்போது அச்சில் விழுந்த நுண்கோடுகள் காசில் மேடாக வரும், அது பிறவியிலேயே உள்ளது, பழுது அல்ல. எழுத்து ஒன்றின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறவிக் கோடு எழுத்தின் காலடியில் போய் மறையும், மறுபக்கம் மீண்டும் தொடங்கும், எழுத்தின் மேல் ஏறாது. அச்சில் எழுத்து பள்ளமாக இருக்கும், மெருகுக் கல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. துடைத்த கீறல் அப்படி நாகரிகம் பார்க்காது. தளத்திலிருந்து எழுத்தின் மேல் ஏறி, பனி படர்ந்ததுபோல் இருக்கும் வெண்மையில் ஒரு பளபளப்பான தழும்பை விட்டுவிட்டு மறுபக்கம் இறங்கும்.

ஓரத்து நீலமும் ஊதாவும் எனக்குக் கவலை தரவில்லை. வெள்ளியில் கந்தகம் பட்டு மெல்ல மெல்ல ஏறும் நிறம் அது. பழைய அட்டை உறைகளில் கிடந்த காசுகளுக்கு ஓரத்திலிருந்துதான் தொடங்கும். அதன் அடியிலும் தளம் கண்ணாடியாக மின்னினால் நல்லது. நிறம் திட்டுத் திட்டாக, மங்கலாக, தளத்தின் ஒளியைக் குடித்ததுபோல் இருந்தால் வேண்டாம். நிறமே இல்லாமல் பாத்திரக் கடை வெள்ளிபோல் வெளிறியிருந்தாலும் யோசியுங்கள், அமிலக் கரைசலில் முக்கி எடுத்திருப்பார்கள்.

பத்தர் வீட்டுப் பிள்ளை எழுதியது:

அக்கா சொன்ன எல்லாம் சரி. நான் தராசைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் தொழில் அது.

அந்த ஐந்து ரூபாய் 28.28 கிராம், ஆயிரத்துக்கு 925 வெள்ளி. பிரித்தானியக் கிரவுன் காசின் அதே எடை. ஆனால் 1951, 1953 கிரவுன்கள் செம்பு நிக்கல் கலவை, நம்முடையது நல்ல வெள்ளி. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தராசில் காசை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புரூஃப் காசு புழங்காதது, எனவே எடை குறையக் காரணமே இல்லை. கால் கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். காந்தம் ஒட்டாது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், செம்பிலும் பித்தளையிலும் வெள்ளி முலாம் பூசினாலும் காந்தம் ஒட்டாது. வார்ப்பில் செய்த போலியென்றால் தளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்து ஓரங்கள் சவர்க்காரம் கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும்.

இன்னொன்று. நம் வீடுகளிலிருந்து விற்பனைக்கு வரும் வெள்ளிக் காசுகளை வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். சாமி அறையில் இருந்ததென்றால் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு, செம்போடு சேர்த்துத் திருநீறு போட்டுத் துலக்கியிருப்பார்கள். பக்தியோடு செய்தது, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் திருநீறு வெள்ளியை மெருகேற்றும் பொடி, காசின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஒருமுறை பட்டறைக்கு ஒரு அம்மா கொண்டுவந்த காசில் எழுத்துகளின் இடுக்கில் இன்னும் வெள்ளைப் பொடி இருந்தது, தளம் சலவைக்கல் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. உருவங்கள் எல்லாம் நனைந்த மண்ணில் கீறியதுபோல் மங்கிப் போயிருந்தன.

சீனக்குடா வாசி எழுதியது:

இரண்டு விடயங்கள்.

காசு வளையும் மென்மையான பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பிவிசி உறைகள் நாள்பட நாள்பட அமிலம் கக்கும். காசின் மேல் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதாவது தெரிந்தால் அதுதான். மேலோட்டமாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றலாம், தேய்க்கக் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். வெள்ளியை அரித்துக் குழி விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, காசுகளுக்குத் தரமிடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தரமிட்டு மூடிய பெட்டியில் காசு கிடைத்தால் உங்களைப் போன்ற புதியவருக்கு அதுவே நல்லது. புரூஃப் காசுக்கு 60 முதல் 70 வரை எண் கொடுப்பார்கள், புழங்கிய புரூஃப் என்றால் 60க்குக் கீழே இறங்கும். எண்ணுக்குப் பதிலாக 'டீடெயில்ஸ்' என்று எழுதியிருந்தால் அது துடைத்த அல்லது பழுதான காசு. பெட்டியிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே தட்டிப் பாருங்கள், கட்டணம் இல்லை. அங்கே படம் இருந்தால் ஒப்பிடுங்கள். போலிப் பெட்டிகளும் உலவுகின்றன.

உப்புவெளியான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடியே கேட்டேன். விற்பனையாளர் மரியாதையான மனிதர், மூன்றாம் நாள் காணொளி அனுப்பினார். எடை 28.27 கிராம், தராசுப் படமும் வந்தது. தாளின் எழுத்துகளைத் தளத்தில் தெளிவாக வாசிக்க முடிந்தது. ஆகவே புரூஃப்தான் என்று நம்புகிறேன்.

ஆனால் சாய்க்கும்போது விலங்கு வட்டம் உள்ள பக்கத்தில், பத்து மணி முள் நிற்கும் இடத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு பட்டையாகக் கோடுகள் எழுந்து மறைகின்றன. நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை பார்த்தேன். எல்லாம் ஒரே திசையில் போகின்றன. பறவை ஒன்றின் மேலும் ஏறி இறங்குகின்றன. காசோடு ஒட்டியே நிற்கின்றன. அவரிடம் சொன்னேன். "நானும் இதுவரை கவனிக்கவில்லை" என்று எழுதி, விலையில் நான்கில் ஒரு பங்கைக் குறைப்பதாகச் சொல்கிறார். எடுக்கலாமா?

மணிக்கூட்டுக்கடை மகள் எழுதியது:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. பறவையின் மேல் ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தீர்களே, அதுதான் கண்.

வெறும் 1,800இல் ஒன்று, விற்பவரும் நேர்மையானவர். சேர்ப்பவர் ஒருவர் இந்த விலைக்கு அதை எடுக்கலாம். ஆனால் நீங்கள் முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். உங்கள் அப்பப்பாவின் சிமிழில் இருந்தது புரூஃப் காசாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு பண்டசாலை எழுதுவினைஞரின் கைக்கு அந்த 5 இலட்சத்தில் ஒன்றுதான் வந்திருக்கும். உங்கள் அப்பா சிறுவயதில் விரலால் தடவிப் பார்த்ததும் அதைத்தான். கண்ணாடித் தளம் அவருக்கு அந்நியமாக இருக்கும். துடைக்காத, ஒளிக்கீற்று இன்னும் சுழலும் சாதாரண 1957 காசு ஒன்றைத் தேடுங்கள், இதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். பார்க்க வேண்டியது விலங்குகளின் முதுகு. அங்கேதான் முதலில் தேயும். முதுகு மட்டும் சாம்பல் நிறமாக மங்கி, சுற்றியுள்ள இடம் மின்னினால் அது கொஞ்சம் புழங்கிய காசு. சாதாரணக் காசில் ஒன்றிரண்டு இடிபட்ட குறி இருப்பது இயல்பு, அதற்காக விட்டுவிட வேண்டாம். ஒரே திசைக் கோடுகளை மட்டும் இங்கேயும் ஏற்காதீர்கள்.

உப்புவெளியான் எழுதியது:

எழுத வெட்கமாக இருக்கிறது, இது என் தலையில் தோன்றவே இல்லை. புரூஃப் காசை நன்றி சொல்லி விட்டுவிட்டேன்.

சாதாரணக் காசு ஒன்று கொழும்பில் ஒருவரிடம் கிடைத்தது, நேற்றுப் பதிவுத்தபாலில் வந்து சேர்ந்தது. பத்தர் வீட்டு அண்ணாவின் பட்டறையைத் தேடிப் போய் நிறுத்தேன்: 28.24. மேசை விளக்கின் கீழ் சாய்த்தபோது ஆரைக்கால்கள் ஓடின. ஒரு விலங்கின் முதுகில் மட்டும் லேசான மங்கல். குங்குமச் சிமிழ் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். காசை அதற்குள் அப்படியே போடலாமா? எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நூறு யார் தூரம்தான், ஜன்னல் கம்பியெல்லாம் துரு.

மணிக்கூட்டுக்கடை மகள் எழுதியது:

குங்குமத்தோடு வேண்டாம், வெறும் சிமிழுக்குள்ளும் வேண்டாம். காசின் அளவுக்கு அக்ரிலிக் வட்டக் கூடு கிடைக்கும், அதற்குள் போட்டு மூடி, கூட்டைச் சிமிழில் வையுங்கள். சிமிழையும் கூட்டையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் கந்தகம் உண்டு. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சிமிழின் அடியில் வைத்து, ஐப்பசி மழை தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். கூட்டில் போடும்போது கையைக் கழுவி நன்றாக உலரவிட்டு, விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

பிறந்தநாளன்று அப்பா கூட்டைத் திறந்து விலங்குகளை விரலால் தடவிப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அது அவர் காசு.